தஹபில் டைவ் அடித்த இரவே சீனாய் மலைக்குப் போகாதீர்கள்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் எகிப்தின் தஹபுக்கு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. வருவதற்கு முன் பலர் தங்கள் திட்டத்தை அனுப்பி "சரியா இருக்கா அண்ணா?" என்று கேட்கிறார்கள். கேட்பதே நல்ல பழக்கம்தான். ஆனால் வருகிற திட்டங்களில் பாதிக்கும் மேல் ஒரே மாதிரி இருக்கின்றன: முதல் இரண்டு நாள் ஸ்கூபா டைவிங், இரண்டாம் நாள் இரவு சீனாய் மலை, மறுநாள் கொஞ்சம் தூக்கம், பிறகு ஷர்ம் எல் ஷேக் போய் விமானம். இங்கே டைவிங் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வரிசை ஆபத்தானது. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி எழுதி அலுத்துவிட்டது. போன வாரம் நடந்ததற்குப் பிறகு பொதுவாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

போன வாரம் வந்தவர் முப்பது வயதைத் தாண்டாதவர், தினமும் ஓடுகிறவர். காலையில் கேன்யன் என்ற டைவ் தளத்தில் ஒரு டைவ், மதியம் இன்னொன்று. இரண்டிலும் எந்தத் தவறும் செய்யவில்லை, மேலே வரும்போது நிதானமாக வந்தார், பாதுகாப்புக்காக 5 மீட்டரில் கொஞ்ச நேரம் நின்றார். இரவு பதினோரு மணிக்கு விடுதியில் ஏற்பாடு செய்த வேனில் ஏறி மலைக்குப் போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் தோள்பட்டை வலித்திருக்கிறது. பை வார் அழுத்துகிறது என்று நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். அறைக்கு வந்து தூங்கி எழுந்தபோது கை விரல்கள் மரத்திருந்தன. அதற்கப்புறம்தான் எங்களுக்குப் போன் வந்தது. ஆக்சிஜன் கொடுத்தபடியே ஷர்மில் உள்ள அழுத்த அறைக்கு (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துச் சிகிச்சை செய்யும் அறை) அழைத்துப் போனோம். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் இது எப்போதும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை.

எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: "டைவ் பண்ணிட்டு ஃப்ளைட்ல போகக் கூடாதுன்னு தெரியும் அண்ணா. ஆனா நாங்க பஸ்லதானே போறோம்?" படித்தவர்கள், சான்றிதழ் வைத்திருக்கும் டைவர்கள், இன்ஜினியர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் உடம்புக்கு விமானம், பஸ், ஒட்டகம் என்ற வித்தியாசம் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் சுற்றியிருக்கும் காற்றழுத்தம் ஒன்றுதான். ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் கூடுதலாக உடம்பில் கரைகிறது. அது வெளியேறி முடிவதற்குள் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். அவருக்கு வந்த வலியும் மரத்துப்போதலும் அதுதான், டீகம்ப்ரஷன் நோய் என்பார்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே அழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. சீனாய் மலையின் உச்சி 2,285 மீட்டர். அதாவது மலையுச்சியில் நின்று சூரிய உதயம் பார்ப்பதும் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதும் நைட்ரஜன் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு இடத்திலும் கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் அன்று பகலில் 18 மீட்டர் ஆழத்தில், கடல்மட்டத்தைப் போல 2.8 மடங்கு அழுத்தத்தில் இருந்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உண்மையில் மலை விமானத்தைவிட மோசம். விமானத்தில் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். மலையில் இரண்டு மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறுகிறீர்கள், கடைசியில் 750 படி வேறு. டைவுக்குப் பிறகு கடுமையாக உடம்பை வருத்துவது குமிழிகளுக்கு நாமே வழிவிடுவது. குளிர், தூக்கமின்மை, போதிய தண்ணீர் குடிக்காதது எல்லாம் கூடச் சேரும். ஏதாவது ஆனால், இருட்டில் கீழே இறங்கி, அப்புறம் சாலையில் பல மணி நேரம் வந்தால்தான் அழுத்த அறை.

"நான் மலை ஏறல, கீழ இருக்கற மடாலயத்தை மட்டும் பாக்கறேன்" என்று அடுத்து ஒரு சமாதானம் வரும். புனித காதரின் மடாலயமே 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டைவுக்குப் பிறகு விமானம் ஏறுவது பற்றிய பரிந்துரை, சுமார் 600 மீட்டரிலிருந்தே பொருந்தும்படி எழுதப்பட்டது. ஆக அதுவும் உள்ளே வந்துவிடுகிறது.

அந்தப் பரிந்துரை சொல்லும் நேரம்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒன்றுக்கு மேல், அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம். மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம். நாங்கள் எல்லோருக்கும் 24 மணி நேரம் என்றே சொல்கிறோம், கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "நான் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதுதானே, அது டைவா?" என்று கேட்கும் முதல் முறைக்காரர்களுக்கும் இது பொருந்தும். டேங்கிலிருந்து மூச்சு விட்டீர்கள் என்றால் அது டைவ்தான். நீர்மட்டத்தில் மிதந்தபடி ஸ்நார்க்கல் மட்டும் செய்தவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும், கையில் கட்டும் கருவி) எச்சரிக்கும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரை மதியமே உடையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் அலமாரியில், ஈரம் காயாத வெட்சூட்டுகளுக்குக் கீழே, அந்தத் திரையில் 'இன்னும் பறக்காதே' என்று சொல்லும் சின்ன விமானப் படம் இரவு முழுக்க மின்னிக்கொண்டிருக்கும். அதைக் கட்டியிருந்தவரோ மலையில் இருப்பார்.

சரி, எப்படித் திட்டமிடுவது? மலையை முதலில் வையுங்கள், கடலைப் பிறகு வையுங்கள். வந்த அன்று லைட்ஹவுஸ் பக்கம் ஸ்நார்க்கலிங், கரையோரக் கடைகளில் சாப்பாடு, இரவு மலைக்கு வேன். மறுநாள் முழுக்கத் தூக்கமும் தண்ணீரும். மலையிலிருந்து இறங்கிய அன்றே டைவ் கேட்காதீர்கள், அப்போது பிரச்சினை நைட்ரஜன் இல்லை, களைப்பு. மூன்றாம் நாள் டைவ். விமானத்துக்கு முந்தைய நாள் டேங்கைத் தொடாமல் லகூனாவிலோ ராஸ் அபு கலூமிலோ கழியுங்கள், அங்கே மாஸ்க் மட்டும் போதும். நான்கு நாளில் இது அடங்காது என்றால் ஐந்தாக்குங்கள், முடியாவிட்டால் மலையா கடலா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். பிரமிடுகளும் பார்க்க வேண்டும் என்றால் கெய்ரோவை முதலில் முடித்துவிட்டு இங்கே வாருங்கள். டைவ் முடித்த அன்று மாலையே ஷர்மிலிருந்து கெய்ரோவுக்குப் பறப்பதும் இதே தவறுதான், ஒரு மணி நேர விமானம் என்பதால் அழுத்தம் சலுகை கொடுக்காது. மடாலயத்தின் உள்ளே போக ஆசை இருந்தால் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளியும் ஞாயிறும் பொதுவாக மூடியிருக்கும், மற்ற நாளிலும் பார்வை நேரம் மதியத்தோடு முடிந்துவிடும். உச்சியில் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், கடற்கரைச் சட்டையோடு போகாதீர்கள்.

மருத்துவப் படிவத்தை ஊரிலிருந்தே வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை என்று ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' போட வேண்டியிருந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் நாங்கள் இறக்க மாட்டோம். டைவ் வீணாகிவிடுமே என்று 'இல்லை' போடுபவர்களை நாங்கள் கண்டுபிடிக்க வழியில்லை, கடல்தான் கண்டுபிடிக்கும். பயணக் காப்பீடு ஸ்கூபாவுக்கும் பொருந்துமா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துப் பாருங்கள். பலவற்றில் பொருந்தாது. அழுத்த அறையில் வழக்கமான முதல் சிகிச்சை மட்டுமே ஏறக்குறைய 5 மணி நேரம் ஓடும், அதற்கான செலவைக் கையிலிருந்து கட்டியவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

தஹபின் பிரபலமான ஆழ்கடல் குழியான ப்ளூ ஹோல் பற்றியும் ஒரு வரி. அங்கே இறந்த டைவர்களுக்காகக் கரையில் பாறையில் பதித்திருக்கும் நினைவுக் கற்களைப் படித்துவிட்டு இறங்குங்கள். குழியிலிருந்து வெளிக்கடலுக்குத் திறக்கும், 50 மீட்டருக்கும் கீழே இருக்கும் அந்தப் பாறை வளைவு, 18 மீட்டர் சான்றிதழும் ஒற்றை டேங்கும் வைத்திருப்பவர்களுக்கான இடம் இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் கூட்டிப்போக மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது போய்விட்டீர்கள், அங்கே மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத்திட்டாக அரிப்பு, வழக்கமில்லாத அசதி, சிறுநீர் போவதில் சிரமம் என்று ஏதாவது தெரிகிறது என்றால், தயவுசெய்து தசைப்பிடிப்பு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஏறுவதை நிறுத்துங்கள். பெதூயின் வழிகாட்டியிடம் சொல்லி இறங்கத் தொடங்குங்கள், முடிந்தால் ஒட்டகத்தில், நடந்து சிரமப்பட வேண்டாம். வலி மாத்திரை போட்டு அடக்காதீர்கள், அப்புறம் டாக்டருக்கு எதுவும் புரியாது. சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மறுபடி டேங்க் மாட்டி நீரில் இறங்காதீர்கள். எந்த நேரமானாலும் உங்களை டைவுக்குக் கூட்டிப்போன இடத்துக்குப் போன் செய்யுங்கள், எப்போது, எவ்வளவு ஆழம், எத்தனை முறை என்று சொல்லுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு வண்டி பாதி வழிக்கே வந்து உங்களை ஏற்றிக்கொள்ளும். திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.