இயற்பியலும் வேண்டும், பி.இ.யும் வேண்டும் என்றால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு யாராவது ஒரு அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் துறைக்கு வந்துவிடுவார். பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன், அதனால் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. போன வருடம் வந்த பெண்ணுக்கு நட்சத்திரங்கள் மேல் ஆசை, அப்பாவுக்கு பி.இ. மேல். "ஈசிஇ எடுத்தா ரெண்டும் வந்துடும்ல சார்?"

வராது. ஈசிஇ என்பது எலக்ட்ரானிக்ஸும் தகவல் தொடர்பும் சேர்ந்த பி.இ. கிளை. வராது என்பதை நான் வாயால் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப் பாடத்திட்டத்தை போனில் திறந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, இன்றைய இயற்பியலின் அடித்தளமான குவாண்டம் எங்கெல்லாம் வருகிறது என்று தேடச் சொன்னேன். முதல் செமஸ்டர் பொறியியல் இயற்பியலில் 5 அலகுகளில் 2. இரண்டாம் செமஸ்டரில் எலக்ட்ரானிக்ஸுக்கேற்ற இன்னொரு இயற்பியல் தாள். அப்புறம் மின்காந்தப் புலம் என்று ஒரு தாள் வருகிறது, மற்றபடி சர்க்யூட், சிக்னல் என்று வண்டி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. பி.இ. சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50 என்பதால் இயற்பியலும் பி.இ.யும் நெருங்கிய சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

எந்தப் படிப்பானாலும் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல், இந்த நான்கும் தனித்தனி முழுத் தாள்களாக இருந்தால் அங்கே இயற்பியல் இருக்கிறது. சென்னை, மும்பை, டெல்லி ஐஐடிகளில் உள்ள பொறியியல் இயற்பியல் பி.டெக் அப்படிப்பட்டது. திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறை நடத்தும் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டியில் இதையே முதுகலையும் சேர்த்து 5 வருட இரட்டைப் பட்டமாகத் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு என்ற நுழைவுத் தேர்வு வேண்டும்.

பிட்ஸ் பிலானி என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்ததுமே எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்து, முதல் வருட மதிப்பெண்ணை வைத்து பி.இ. கிளை ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பின்வாசலாக மட்டும் இதை நினைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பிடிக்காத பாடத்தோடு 5 வருடம் குடித்தனம் நடத்த வேண்டுமே.

வேலை விஷயத்தில் ஒன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அரசு நிறுவனங்களின் பல அறிவிப்புகள் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் என்று கிளையின் பெயரைச் சொல்லியே கேட்கின்றன. பட்டத்தில் "பொறியியல் இயற்பியல்" என்று இருப்பவர் அங்கே விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். நீங்கள் ஆசைப்படும் நிறுவனத்தின் பழைய அறிவிப்பு இரண்டை எடுத்துத் தகுதிப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

ஜேஇஇ கைகொடுக்கவில்லையா, சரி. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதி, பொருளறிவியல், ஒளியியல் மாதிரியான எம்.டெக்குகளுக்குப் போகிறவர்கள் நிறைய. எதிர்த் திசையில் பி.இ. முடித்துவிட்டு கேட் தேர்வில் இயற்பியல் தாளை எழுதவும் தடையில்லை, ஆனால் பி.இ. படிக்கும்போதே நான் சொன்ன நான்கு பாடங்களையும் நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும், கூடவே அரியர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வழியில் செலவு குறைவு, பெரும்பாலும் தடுப்பது சொந்தக்காரர்களின் "வெறும் பி.எஸ்சி.யா?" என்ற கேள்விதான்.

அந்தப் பெண் கடைசியில் ஈசிஇயில்தான் சேர்ந்தாள், எங்கள் கல்லூரியிலேயே. வியாழக்கிழமை மதியம் லேப் முடிந்ததும் ஒரு நீள நோட்டோடு என் அறைக்கு வருகிறாள். போன வாரம் ஹைட்ரஜன் அணுவில் பாதியில் நின்றோம்.