போர்டு வேறு, சிப் வேறு

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். மஞ்சப்பையிலிருந்து இரண்டு பச்சை சர்க்யூட் போர்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். தண்ணீர் மோட்டார் கன்ட்ரோலர். ஒன்று அவர் போட்டது. மற்றது, அவரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போன பையன் போட்டது. செம்பு டிராக் ஓடும் பாதை, மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் ரிலே உட்கார்ந்திருக்கும் இடம் எல்லாம் ஒன்றே. பஸர் வைக்கலாம் என்று யோசித்துக் கைவிட்டதில் மிஞ்சிய இரண்டு ஓட்டைகள்கூட அதே மூலையில் இருந்தன. காப்பிதான், சந்தேகமே இல்லை.

"லேஅவுட் டிசைன் சட்டம்னு ஒண்ணு இருக்காமே சார், அதுல கேஸ் போடுங்க" என்றார். அந்தச் சட்டத்தில் பதிந்து தருகிறேன் என்று யாரோ ஒருவர் அவரிடம் பணமும் வாங்கியிருக்கிறார். இந்த வருஷம் இதே கதையோடு என்னிடம் வந்த நாலாவது ஆள் இவர். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே விடுகிறேன்.

குறைக்கடத்தி ஒருங்கிணைந்த மின்சுற்று லேஅவுட் வடிவமைப்புச் சட்டம் 2000-ல் வந்தது. அது காப்பது சிப்புக்குள் இருக்கும் லேஅவுட்டை, அதாவது டிரான்சிஸ்டர்களும் அவற்றின் இணைப்புகளும் அமைந்திருக்கும் விதத்தை. போர்டில் இருப்பதை அல்ல. போர்டு போடுகிறவர்களும் தங்கள் வேலையை லேஅவுட் என்றே சொல்வதால் வந்த வினை இது. சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு சொல்: டிரான்சிஸ்டரும் மற்ற உறுப்புகளும் சிப்பின் அடிப்பொருளின் மேலோ உள்ளேயோ 'பிரிக்க முடியாதபடி' உருவாகியிருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்னால் சிமென்ட்டும் மணலும் போட்டுக் கல்லாக்குகிறார்கள். பூவை மட்டும் கல்லிலிருந்து உரித்தெடுக்க முடியுமா? சிப் அந்தக் கல் மாதிரி. போர்டு, அந்தத் தரைமேல் நாம் கொண்டுவந்து போட்ட நாற்காலி மேசை. தேவகோட்டைக்காரரிடம் ரிலேயைக் காட்டி, "இதைக் கழற்ற எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷம் சார்." அப்படியானால் இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது.

வேறு வழி இல்லாமல் இல்லை. சர்க்யூட் வரைபடத்துக்கும் உள்ளே ஓடும் புரோகிராமுக்கும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. மேல்பெட்டியின் தோற்றம் புதிதென்றால், சந்தைக்கு விடும் முன்பே டிசைன் சட்டத்தில் பதியலாம். வேலை செய்யும் முறையே புதிதென்றால் பேட்டன்ட். இவர் விஷயத்தில் புரோகிராம்தான் பிடி. ஆனால் பையனிடம் ரகசியம் காக்க ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. "நம்ம ஊர்ப் பையன்தானே சார்" என்கிறார். பர்மாவுக்கு ஆள் அனுப்பிய காலத்திலேயே சம்பளச் சீட்டு என்று வேலை ஒப்பந்தம் எழுதி வாங்கிய ஊர் ஐயா இது!

சரி, நிஜமாகவே சிப் வடிவமைக்கிறவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். சிப் வடிவமைக்கப் பழக்கும் மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம் வந்தபின் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்த சிப்கள் மொஹாலியில் உள்ள அரசு ஆலையில் தயாராகி வருகின்றன. சந்தோஷம்தான். ஆனால் பதியாத லேஅவுட்டை யார் காப்பியடித்தாலும் இந்தச் சட்டத்தில் மீறல் வழக்குப் போட முடியாது. பேட்டன்டுக்கும் ஓடாதீர்கள், பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சிப்பின் லேஅவுட்டை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. டெல்லியில் இதற்கென்று தனிப் பதிவகம் இருக்கிறது. விற்க ஆரம்பித்து 2 வருஷத்துக்குள் அங்கே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 2 வருஷம் 4 மாதம் கழித்து என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. முதல் பில்லின் தேதியை நான் படித்துக் காட்டியபோது, "சாம்பிளுக்குத்தானே சார் காசு வாங்கினோம்" என்றார். காசு வாங்கினால் அது விற்பனைதான்.

பாதுகாப்பு 10 வருஷம். விண்ணப்பம், முதல் விற்பனை, இரண்டில் எது முந்தியதோ அந்தத் தேதியிலிருந்து கணக்கு. புதுப்பிக்க வழியில்லை. சம்பளத்துக்கு வரைந்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பதியும் உரிமை முதலாளிக்கு. தம்பிகளா, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். உங்கள் சிப்பைப் பாடம் நடத்தவோ ஆராயவோ ஒருவர் பிரித்துப் பார்த்தால் அது குற்றமில்லை, அதற்காக என்னிடம் வர வேண்டாம். தெரிந்தே காப்பியடித்து விற்றால் 3 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

போர்டு போடும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்கு ஆள் எடுக்கும் அன்றே ஒரு பக்க ரகசிய ஒப்பந்தம் எழுதி வாங்கிவிடுங்கள். மாதிரி என்னிடம் இருக்கிறது, சும்மாவே தருகிறேன். அப்புறம், என்னைப் பார்க்க வரும்போது போர்டோடு புரோகிராமின் பழைய ஃபைல்களையும் தேதி அழியாமல் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். தேவகோட்டைக்காரர் நாளைக்கு அதைத்தான் எடுத்து வருகிறார்.