ஆட்டோஇம்யூன் தைராய்டைட்டிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

உடலின் எதிர்ப்பு மண்டலமே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய் இது; சுரப்பு குறைந்தால் ஹார்மோன் மாத்திரை தருவார்கள். ‘ஆட்டோ’ என்பது கிரேக்கத்தில் ‘தான்’. ‘இம்யூன்’ லத்தீனின் ‘இம்யூனிஸ்’: வரியிலிருந்தும் ஊர்க் கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர். நோயிலிருந்து விலக்கு என்ற பொருள் பின்னால் வந்தது. ‘தைராய்டு’ கிரேக்க ‘தைரியோஸ்’: கதவுபோல் நீண்ட கேடயம். குரல்வளைக் குருத்தெலும்பின் வடிவத்துக்கு ஏற்கெனவே இருந்த அந்தப் பெயரை 1656-ல் தாமஸ் வார்ட்டன் பக்கத்திலுள்ள சுரப்பிக்கும் சூட்டினார். சுரப்பி என்னவோ வண்ணத்துப்பூச்சி போலத்தான் இருக்கிறது. ‘ஐட்டிஸ்’ அழற்சி.

1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் கழுத்துக் கழலைகளில் வெள்ளணுக்கள் குவிந்திருந்ததை விவரித்தார். சொந்தச் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் குருதியில் இருப்பது 1956-ல்தான் தெரிந்தது.

பாடநூல்கள் ‘சுயதடைகாப்பு நோய்’ என்கின்றன. கேட்பவருக்குத் தற்காப்பு என்று தொனிக்கும், நடப்பதோ நேர்மாறு. ‘தன்னுடல் தாக்கு நோய்’ நடப்பதை அப்படியே சொல்கிறது. ஆகவே ‘தன்னுடல் தாக்கு கேடயச்சுரப்பி அழற்சி’. நீளம்தான், ஆனால் ஏமாற்றாது.

சொல்லில் ஏன் இவ்வளவு கறார்? ‘இம்யூன்’ என்றதும் ‘எதிர்ப்பு சக்தி குறைவு’ என்று புரிந்துகொள்கிறோம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் சூரணம் அந்த வழியாகத்தான் விற்பனையாகிறது. இங்கே சக்தி குறையவில்லை, குறி தவறியிருக்கிறது. அமுக்கரா (அஸ்வகந்தா) தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும். மிகைச் சுரப்பும் கல்லீரல் பாதிப்பும் வந்தவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரையோடு சேர்த்து அதையும் எடுத்தால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்றே தெரியாது.

‘தைராய்டு என்றால் அயோடின்’ என்பது அடுத்த குழப்பம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். 5 சதவீத லூகால் கரைசல் என்னும் அயோடின் திரவத்தின் ஒரே சொட்டில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது நாற்பது நாள் தேவை. கடற்பாசி மாத்திரையில் அளவு தாறுமாறாக இருக்கும். அழற்சி கண்ட சுரப்பி இந்தத் திடீர் மிகுதியைத் தாங்காமல் சுரப்பை இன்னும் குறைத்துவிடலாம்.

செம்மந்தாரைப் பட்டை சேர்ந்த ஆயுர்வேத மருந்தான காஞ்சனார குக்குலு பழைய நூல்களில் கழலைக்கும் கண்டமாலைக்கும் சொல்லப்பட்டது. அவை வெளியே தெரியும் வீக்கத்தின் பெயர்கள்; கண்டமாலை பல நேரம் காசநோய் நெறிக்கட்டி. அந்த வீக்கங்களும் தைராய்டு அழற்சியும் கழுத்தில் இருப்பதாலேயே ஒரே நோய் ஆகிவிடாது.

‘மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்தேன், நன்றாக இருக்கிறேன்’ என்பவர் பொய் சொல்லவில்லை. அந்த மாத்திரையில் உள்ள ஹார்மோனான லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். முதல் இரண்டு வாரம் பழைய மாத்திரைதான் அவரைத் தாங்குகிறது, பெயர் கஷாயத்துக்கு. அளவு மாறினால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்எச் பரிசோதனைக்கு 6 முதல் 8 வாரம் காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்.

செலினியம் கொஞ்சம் மரியாதைக்குரியது. தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்த சில ஆய்வுகளில் எதிர்ப்பொருள் எண் குறைந்தது. ஆனால் எண் குறைந்ததால் நோயாளியின் சோர்வோ மாத்திரை அளவோ குறையும் என்று உறுதிப்படவில்லை. அந்த எண் தானாகவும் ஏறி இறங்கும். அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். அந்தத் தொல்லைக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை. கோதுமையை விலக்குவது, கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோயும் சேர்ந்திருப்பவருக்குக் கட்டாயம். மற்றவருக்குப் பலன் நிரூபணமாகவில்லை.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் நோயைத் தொடாது, பரிசோதனையைக் கெடுக்கும். பல ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் குறைசுரப்பு திரும்பிவிடும். இரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்து வந்ததை ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு தண்ணீரோடு விழுங்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. ‘இங்கிலீஷ் மருந்து கேட்கவில்லை’ என்று கஷாயம் தேடுமுன் இந்த இடைவெளியைச் சரிபாருங்கள்.