லாஜிஸ்டிக்ஸ்: தளவாடமா, பொறுப்பா?

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் போனால், டிரெய்லர்களின் கேபின் மேல் எழுதியிருப்பதை வைத்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடலாம். பழசு என்றால் ‘லாரி சர்வீஸ்’. அதற்கு அடுத்தது ‘டிரான்ஸ்போர்ட்’. புதுசாகப் பெயின்ட் அடித்தது எல்லாம் ‘லாஜிஸ்டிக்ஸ்’. தொழில் என்னவோ அதேதான். அதே பொட்டி (கன்டெய்னர்தான்), அதே துறைமுக ஜீரோ கேட் வரிசை. தண்டையார்பேட்டையில் மூன்று டிரெய்லர் ஓட்டும் தெரிந்தவர் ஒருவர், போர்டை மாற்றிய கையோடு என்னிடம் கேட்டார்: “லாஜிஸ்டிக்ஸ்னா இன்னா சார்? தமிழ்ல எப்படிச் சொல்றது?”

தம்பு செட்டித் தெருவில் சுங்க கிளியரிங் ஆபீசில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டியவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ‘தளவாடம்’ என்றேன். சிரித்துவிட்டார். “அது மிலிட்டரிக்காரங்க பீரங்கி, துப்பாக்கி சார்.”

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பூர்வீகம் சொல்வார்கள். ஒன்று கிரேக்கம். ‘லோகிஸ்டிகோஸ்’ என்றால் கணக்கில் கெட்டிக்காரர். பழைய ஏதென்ஸில் அதிகாரிகளின் வரவு செலவைத் தணிக்கை செய்தவர்களுக்கு ‘லோகிஸ்தாய்’ என்றே பெயர். இன்னொன்று பிரெஞ்சு. ‘லோஜி’ என்றால் தங்குமிடம். படை போகும் வழியில் முகாமுக்கு இடம் பிடித்து, பாதை வகுத்து, அணியை நடத்திச் செல்லும் அதிகாரியின் பதவிப் பெயரில் அந்தச் சொல் இருந்தது. நெப்போலியனின் படையில் இருந்து பிறகு ரஷ்யப் படைக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர் ஜோமினி, 1838-இல் எழுதிய போர்க்கலை நூலில் ‘லோஜிஸ்டீக்’ என்பதை இந்தப் பொருளில் விளக்கினார். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு, ராணுவத்திலிருந்து வணிகத்துக்கு, கடைசியில் தண்டையார்பேட்டை டிரெய்லர் நெற்றிக்கு.

கணக்கா, தங்குமிடமா என்று அகராதிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். வண்டி எங்கே நிற்கிறது, நின்றதற்கு ஹால்டிங் கூலி எவ்வளவு ஆச்சு என்பதைத் தவிர ஒரு டிரெய்லர்காரருக்கு வேறு கவலை ஏது? இரண்டு பூர்வீகமும் அவருக்குப் பொருந்தும்.

தமிழில் என்ன செய்திருக்கிறோம்? செய்தித்தாள்கள் ‘தளவாடம்’ என்று எழுதப் பழகிவிட்டன. தளவாடம் என்பது பொருள், கருவி. ராணுவத் தளவாடம் என்றால் ஆயுதமும் வண்டியும். இலங்கையில் ‘தளபாடம்’ என்றால் நாற்காலி, மேசை. லாஜிஸ்டிக்ஸோ பொருள் அல்ல, பொருளை நடத்திச் செல்லும் வேலை. ‘ஏற்பாட்டியல்’ என்றும் ஒரு சொல் உண்டு. பாடப்புத்தகத்துக்குச் சரி, கல்யாண மண்டபக்காரரும் அதைத்தானே செய்கிறார் என்று தோன்றும். ‘சரக்கு மேலாண்மை’ பரவாயில்லை. (சரக்கு என்றதும் நம் பக்கம் வேறு கடை நினைவுக்கு வரும். அதற்காகச் சரக்கு ரயிலை யாரும் பெயர் மாற்றவில்லை.)

சொல் சரியில்லை என்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சுங்கத் துறையின் பாதுகாப்புத் திட்டங்களைப் பார்த்தால் கொஞ்சம் முழுகத்தான் செய்கிறது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை 7 நிறுவனங்களோடு ‘சி-டிபாட்’ என்ற கூட்டாண்மையைத் தொடங்கியது. எல்லாப் பொட்டியையும் திறந்து பார்க்க எந்த அரசாலும் முடியாது. அதனால் ஓர் ஒப்பந்தம்: உன் சரக்கின் வழியை நீயே காபந்து பண்ணு, நான் வந்து சரிபார்க்கிறேன், பதிலுக்கு உன் பொட்டியைக் குறைவாக நிறுத்துகிறேன். இறக்குமதியாளர், கப்பல் கம்பெனி, சுங்கத் தரகர் என்று சேர்த்தார்கள். ஆனால் விற்பவரும் அல்லாத, வாங்குபவரும் அல்லாத, நடுவில் கிடங்கும் வண்டியும் வைத்துச் சரக்கை நடத்துகிற ‘மூன்றாம் தரப்பு’ லாஜிஸ்டிக்ஸ்காரருக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கதவு திறந்தது.

திறந்தபோது போட்ட நிபந்தனைகளில்தான் விஷயம் இருக்கிறது. சரக்கை நேரடியாகக் கையாள வேண்டும். சொந்த வண்டி, கிடங்கு போன்ற வசதிகளைக் கொண்டு வேலையைச் செய்ய வேண்டும். போனை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் பிடித்துக் கொடுக்கிறவருக்கு இடமில்லை. வேலையை ஒருவருக்கு உள்குத்தகை விட்டால், அவர் அதை மறுபடி இன்னொருவருக்குத் தள்ளக் கூடாது. தள்ளினால் அந்த இன்னொருவரும் திட்டத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும். நம் ஊர் லாரி புக்கிங் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு லோடு மூன்று புரோக்கர் கை மாறி, யார் வண்டியில் ஏறியது என்று பார்ட்டிக்கே தெரியாமல் மாதவரம் தாண்டிப் போவது இங்கே தினப்படி நடப்பது.

நம் நாட்டில் இதற்கு இணையானது ஏ.இ.ஓ. உலகச் சுங்க அமைப்பு 2005-இல் வகுத்த சட்டகத்திலிருந்து வந்தது. இங்கே 2011-இல் தொடங்கி, 2016-இல் புதுக்கி அமைத்தார்கள். ஏற்றுமதி, இறக்குமதிக்காரர்களுக்கு மூன்று படிகள். லாஜிஸ்டிக்ஸ்காரர், சரக்கைக் காவலில் வைத்திருக்கும் முனையங்கள், சுங்கத் தரகர், கிடங்குக்காரர் ஆகியோருக்குத் தனியாக ‘எல்.ஓ.’ என்று ஒரே படி. சான்றிதழ் கிடைத்தால் வங்கி உத்தரவாதத்தில் விலக்கு போன்ற சலுகைகள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவும் இந்தியாவும் ஒருவர் சான்றை மற்றவர் ஏற்கும் ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. ஏ.இ.ஓ.வைத் தமிழில் சொன்னால், ‘அங்கீகரிக்கப்பட்ட பொருளாதாரச் செயல்பாட்டாளர்’. இதைப் படித்து எந்த டிரெய்லர்காரராவது இது நம்மைப் பற்றியது என்று நினைப்பாரா?

அவரைப் பற்றியதுதான். மூன்று வண்டி வைத்திருப்பவர் தானே விண்ணப்பிக்கப் போவதில்லை. ஆனால் சான்றிதழ் வாங்கிய கம்பெனி, தன்னோடு தொழில் செய்பவர்களின் பாதுகாப்பையும் கவனித்தாக வேண்டும். அதற்கான கேள்வித்தாள் எப்படியும் அவர் மேசைக்கு வரும்.

வண்டியருகே போய்ப் பார்த்தால் இன்னும் தெளியும். பொட்டியின் கதவில் போல்ட் சீல் இருக்கும்: தடித்த ஆணி ஒன்று, அதைக் கவ்வும் தலை ஒன்று. ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் உயர் பாதுகாப்பு வகை என்றால் ‘எச்’ என்ற எழுத்து பொறித்திருக்கும். நல்ல டிரைவர் முதலில் சீலைப் பார்ப்பார், எண்ணைப் பேப்பரோடு ஒத்துப் பார்ப்பார், பிடித்து இழுப்பார், கடைசியில் திருகுவார். திருகுவது முக்கியம், மரை வெட்டி மறுபடி பூட்டிய சீல் திருகினால் கழன்று வரும். அப்புறம் கதவுக் கைப்பிடியின் ரிவிட்டில் விரலை வைத்துத் தடவுவார். கைதேர்ந்த திருடன் சீலைத் தொடுவதே இல்லை. ரிவிட்டைக் கழற்றிக் கைப்பிடியோடு எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மாட்டிப் பெயின்ட் அடித்துவிடுவான். சீல் அப்படியே இருக்கும். எந்தச் சுங்க அதிகாரியும் நடுராத்திரி வரிசையில் நின்று இதைப் பார்க்கப் போவதில்லை, டிரைவர்தான் பார்க்க வேண்டும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலர்கள் பண்டங்களுக்குப் புலி முத்திரை பொறித்து வெளியே அனுப்புவார்கள். முத்திரை அரசனுடையது, காவலும் அரசனுடையது. 2017 வரை இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஃபேக்டரியில் கலால் அதிகாரி முன்னிலையில் சீல் வைப்பார்கள். ஜி.எஸ்.டி. வந்த அந்த ஆண்டில் அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தானே மின்னணு சீல் வைக்கலாம் என்றானது. முத்திரை தனியார் கைக்கு வந்தாகிவிட்டது.

காவலும் அப்படியே. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த செய்தி வந்ததும் மணலி பக்கம் பதறினோமே, ஏன்? 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த அதே உப்பு, சுமார் 700 டன், 37 பொட்டிகளில் மணலியில் ஒரு பெட்டக நிலையத்தில் ஐந்து வருடமாகக் கிடந்தது. பிறகு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பறிமுதல் அரசுடையது, பொட்டி இருந்த இடம் நிலையத்தாருடையது. சரக்கைக் கையில் வைத்திருக்கிறவரைக் கூட்டாண்மைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு பேச முடியாது என்பதற்கு நமக்கு வேறு ஊர் உதாரணம் வேண்டாம்.

‘கூட்டாண்மை’யை நான் அப்படியே விட்டுவைக்கிறேன், நல்ல சொல்தான். ‘கூட்டாளி’ என்று எழுதினால் மட்டும் அடுத்த வரியில் ‘3 பேர் கைது’ வந்துவிடும். கை மாறி வருவதை ‘கைமாற்று’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது கடனாயிற்றே.

அதனால் என் தீர்ப்பு இது. வேலைக்கு ‘சரக்கு நடத்தல்’. ஆளுக்கு ‘சரக்குப் பொறுப்பாளர்’. இந்த நிமிடம் பொட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் அந்தத் திட்டங்கள் எல்லாம் கேட்கிற கேள்வி. அது சொல்லிலேயே இருக்கட்டும். அரசாணையில் ‘சரக்குப் பொறுப்பாளர்களையும் சுங்கப் பாதுகாப்புக் கூட்டாண்மையில் சேர்த்தல்’ என்று எழுதினால் டிரைவரும் படிப்பார்.

தண்டையார்பேட்டைக்காரரிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “நல்லாத்தான் கீது சார். ஆனா பொட்டி காணோம்னா என்னைத்தானே புடிப்பாங்க?” என்றார். ஆமாம் என்றேன். போர்டில் இன்னும் ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றுதான் இருக்கிறது.