ஸ்பை, உளவாளி, ஒற்று: சொல் விளக்கம்

சொந்த நாட்ட விட்டு வந்த ஒரு பொண்ணு, எதிரியோட கோட்டைக்குள்ள வேற பேர்ல உக்காந்துக்கிட்டு சேதி அனுப்புறா, போன எடத்துல ஒருத்தன் மேல மனசு போயிடுது, இப்ப அவன காட்டிக்குடுக்கணுமா வேணாமா. சரித்திரத் தொடர் எழுதுறவங்க நிறைய பேருக்கு பிடிச்ச கதை இது, படிக்கிறவங்களுக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனா அந்த பொண்ண என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னு வர்றப்ப எல்லாருமே தடுமாறுறாங்க. ஒரு பாராவுல உளவாளி, அடுத்த பாராவுல ஒற்றன் (பொண்ணுக்கு!), அப்புறம் வேவுக்காரி, பத்தாததுக்கு சோழ நாட்டு தளபதி வாயில "ஸ்பை"ங்கிற வார்த்தையே வந்துடுது. இது எல்லாம் ஒரே அர்த்தம்தானேன்னு விட்டுடலாம், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற எடத்துல இருந்து வந்த சொல்.

ஸ்பை பழைய பிரெஞ்சு மொழி வழியா ஆங்கிலத்துக்கு வந்தது, அதுக்கும் பின்னாடி ஜெர்மானிய மொழிகள், அதுக்கும் பின்னாடி போனா "பார்"ங்கிற அர்த்தம் உள்ள ஒரு வேர். நாம கண்ணுக்கு போடுற ஸ்பெக்ஸும் அதே குடும்பம்தான். சமஸ்கிருதத்துலயும் இதோட உறவுக்காரச் சொல் ஒண்ணு இருக்கு, ஸ்பஶ்னு, ரிக்வேதத்துல வருணனோட வேவுக்காரங்களுக்கு அந்த பேருதான். அதாவது ஸ்பைனா பார்க்கிறவன், தூரத்துல நின்னு நோட்டம் விடுறவன். எஸ்பியனாஜ்னு சொல்றது அதே சொல் இத்தாலி, பிரெஞ்சு பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்த வடிவம், அவ்ளோதான்.

தமிழ்ல நிலைமை வேற. உளவுங்கிறது "உள்"ல இருந்து வர்றது, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கிறது. வேவு "வேய்"ங்கிற பழைய சொல்லோட சேர்ந்தது, தொல்காப்பியத்துல வெட்சித் திணைல ஆநிரை, அதாவது எதிரியோட மாட்டு மந்தைய, கவரப் போறப்ப நடக்கிறத வரிசையா சொல்லும்போது "புடைகெட ஒற்றின் ஆகிய வேயே"ன்னு வரும். பகைவருக்கு தெரியாம ஒற்று மூலமா கிடைச்ச சேதிதான் அங்க வேய். அப்ப அந்த வரிய பொறுத்தவரைக்கும் ஆளு ஒற்று, அவன் கொண்டு வர்ற தகவல் வேய். இத கவனிச்சு எழுதுறவங்க ரொம்ப கம்மி. சாரன், சாரணன்னு ஒரு வழியும் இருக்கு, வடமொழில இருந்து வந்தது, சுத்தித் திரியிறவன்னு அர்த்தம், இன்னிக்கு ஸ்கூல்ல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு கேம்ப் போற பசங்கள நாம சாரணர்னு சொல்றதால கதைல போட்டா சிரிப்புதான் வரும். துப்பறிவாளர் டிடெக்டிவ், அது வேற வேலை, அத இங்க கொண்டு வரவே கூடாது. தூது இன்னும் வேற, தூதுவன் யாருன்னு எதிரிக்கு தெரியும், வள்ளுவரே ஒற்றாடல 59ஆவது அதிகாரத்துலயும் தூத 69ஆவதுலயும் தனித்தனியாத்தான் வெச்சிருக்கார்.

இப்ப ஒற்றுக்கு வருவோம், விஷயமே இங்கதான் இருக்கு. ஒற்றுதல்னா மெல்ல அழுத்துறது, ஒண்ணு மேல ஒண்ண படிய வெக்கிறது. கோயில்ல குடுத்த பூவ கண்ல ஒத்திக்கிறோமே, அது கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல். சுளுக்குக்கு வெக்கிற ஒத்தடம் ஒற்றடம். மை உறிஞ்சிற பேப்பர் ஒற்றுத்தாள். இந்த ஒற்றுதல்ல இருந்துதான் வேவு பாக்கிற ஒற்றும் வந்திருக்கணும்னு எனக்கு தோணுது, ஏன்னா வேலையே அப்படித்தான், தூரத்துல நின்னு பாக்கிறது இல்ல, பக்கத்துல போய் ஒட்டி, அங்க இருக்கிறத தன் மேல படிய வெச்சிக்கிட்டு வர்றது. ஸ்பைக்கு கண்ணு போதும், ஒற்றுக்கு உடம்பே போகணும். காதலுக்கும் வேவுக்கும் நடுவுல மாட்டின பொண்ணப் பத்தி கதை எழுதுறவங்களுக்கு இத விட பொருத்தமான சொல் எந்த மொழில கிடைக்கும் சொல்லுங்க, பிரியமானவங்க குடுத்தத கண்ல ஒத்திக்கிறதும் பகைவன் வீட்ட ஒற்றிப் பாக்கிறதும் ஒரே வினைச்சொல்!

இன்னொரு விஷயம், குறள்ல ஒற்று ஆணும் இல்ல பொண்ணும் இல்ல. "கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும் உகாஅமை வல்லதே ஒற்று." சந்தேகம் வராத உருவம், யாரப் பாத்தும் அஞ்சாத கண்ணு, என்ன ஆனாலும் மனசுல இருக்கிறத வெளிய விடாத உறுதி, இதெல்லாம் இருக்கிறதுதான் ஒற்றுன்னு அர்த்தம். வல்லதே, வல்லவனே இல்ல. "துறந்தார் படிவத்த ராகி இறந்தாராய்ந்து என்செயினும் சோர்விலது ஒற்று." அங்கயும் சோர்விலது. அஃறிணை முடிவு. சிலப்பதிகாரத்துலயும் அதே மாதிரிதான். செங்குட்டுவன் வடக்க படை எடுத்துப் போறதப் பத்தி மத்த ராஜாக்களுக்கு ஓலை அனுப்பணும்னு அவன் சபைல வில்லவன் கோதை சொல்றப்ப அழும்பில் வேள் குறுக்க பூந்து, ஓலையெல்லாம் எதுக்கு, நம்ம ஊர்ல பறை அறைஞ்சா போதும், "நண்ணார் ஒற்றுநம் காவல் வஞ்சிக் கடைமுகம் பிரியா"ன்னு சொல்றான். எதிரிங்க வெச்ச ஒற்று நம்ம வாசல விட்டு நகர்றதே இல்ல, அதுங்களே கொண்டு போய் சேர்த்துடும்னு அர்த்தம். வேவு பாக்க வந்தவனையே இலவச தபால்காரனா ஆக்கிட்டான் மனுஷன், எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் இது. பிரியார்னு இல்லாம பிரியான்னு அஃறிணைலயே வர்றத கவனிங்க.

அதனால பொண்ணுக்கு ஒற்றன்னு போட்டுட்டு அப்புறம் முழிக்கவே வேணாம், வெறும் ஒற்றுன்னு எழுதினாலே போதும். ஆனா தயவு செஞ்சு ஒற்றின்னு பெண்பால் ஆக்கிடாதீங்க. ஒற்றின்னா அடமானம், ஒத்திக்கு வீடு எடுக்கிறோமே அந்த ஒத்தி. "அவள் பாண்டிய நாட்டு ஒற்றி"ன்னு எழுதினா பாண்டிய நாட்ட யாரோ லீஸுக்கு விட்டுட்டாங்கன்னு ஆயிடும்.

நிஜத்துல இப்படி வாழ்ந்த ஒருத்தர வெச்சுப் பாத்தா இந்த சொல் எவ்ளோ தாங்குதுன்னு தெரியும். கிறிஸ்டினா ஸ்கார்பெக், போலந்துக்காரங்க, 1908ல வார்சாவுல பிறந்தவங்க, அப்பா பிரபு குடும்பம், அம்மா யூத பேங்கர் வீட்டுப் பொண்ணு. 1939 செப்டம்பர்ல ஹிட்லர் போலந்துக்குள்ள பூந்தப்ப இவங்க புருஷன் கிஷித்ஸ்கியோட ஆப்பிரிக்காவுல இருந்தாங்க. கொஞ்ச நாள்லயே நாடு இல்லாதவங்க ஆயாச்சு. லண்டனுக்கு வந்து பிரிட்டிஷ் உளவுத்துறை கதவ இவங்களே போய் தட்டினாங்க, அங்க இருந்து ஹங்கேரிக்கு அனுப்புறாங்க, 1940 பிப்ரவரி பனில டாட்ரா மலைய ஸ்கீயிங் பண்ணியே தாண்டி போலந்துக்குள்ள போறாங்க. வார்சாவுல அம்மாவ பாத்து கெளம்பி வந்துடும்மான்னு கெஞ்சியும் அந்த அம்மா வரல, அப்புறம் நாஜிகள் கையில சிக்கி இறந்தும் போயிட்டாங்க.

புடாபெஸ்ட்ல ஆந்த்ரேய் கொவெர்ஸ்கின்னு ஒரு போலந்து ஆர்மி ஆபீசர், ஒரு கால் கிடையாது, அவரோட காதல். 1941 ஜனவரில ரெண்டு பேரையும் போலீஸ் பிடிச்சிடுச்சு. விசாரணைல இவங்க தன் நாக்க தானே கடிச்சு ரத்தம் வர வெச்சு, இருமி இருமி காட்டி டிபி இருக்கிற மாதிரி நடிச்சாங்க, விட்டுட்டாங்க. பிரிட்டிஷ் தூதர் குடுத்த பாஸ்போர்ட்ல இவங்க பேரு கிறிஸ்டின் கிரான்வில் ஆச்சு, தூதரோட கார் டிக்கில ஒளிஞ்சுதான் ஹங்கேரி எல்லைய தாண்டினாங்க. கடாஅ உருவு, கண் அஞ்சாமை ரெண்டும் இருக்கா?

ஆனா கெய்ரோ போய் சேர்ந்ததும் சொந்தப் பக்கமே சந்தேகப்பட ஆரம்பிச்சிடுச்சு. பழகின ஒரு போலந்து ரகசியக் குழு மேல சந்தேகம், சிரியா வழியா வர்றதுக்கு விசா எப்படி அவ்ளோ ஈசியா கிடைச்சுதுன்னு சந்தேகம், வேலை குடுக்காம ஓரம் கட்டி வெச்சிட்டாங்க. அதே ஊர்லதான் புருஷன்கிட்ட கொவெர்ஸ்கிய விரும்புறேன்னு உடைச்சு சொல்லி அந்தக் கல்யாண வாழ்க்கையும் முறிஞ்சது. வள்ளுவர் கேட்டா இந்த சந்தேகத்துல தப்பே இல்லன்னுதான் சொல்லுவார், "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்"னு அவர்தானே சொன்னது. ஒரு ஒற்று கொண்டு வந்தத இன்னொரு ஒற்ற வெச்சு சரிபாரு. அரசனுக்கு இது நல்ல அட்வைஸ். ஊரும் இல்லாம வீடும் இல்லாம இந்த ஒரு வேலைய மட்டும் பிடிச்சிட்டு நிக்கிற பொண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு குறள்ல எடமில்ல, கதை எழுதுறவங்களுக்கு எடம் இருக்கு.

வேத்து ஊர்ல இருந்து வந்தவன் மேல ஒற்றுன்னு பழி விழுறது நமக்கும் பழசுதான். சோழன் நலங்கிள்ளிகிட்ட இருந்து, அவனோட பகையாளி நெடுங்கிள்ளி இருந்த உறையூருக்கு வந்த இளந்தத்தன்ங்கிற புலவர "ஒற்று வந்தான்"னு சொல்லி நெடுங்கிள்ளி கொல்லப் பாக்க, கோவூர்கிழார் பாட்டு பாடி காப்பாத்தினது புறநானூறு 47. பறவ மாதிரி வள்ளல்களத் தேடிப் பறந்து போற பொழப்பு எங்களுது, இதுல யாருக்கு என்ன தீங்குன்னு கேக்குறார். இளந்தத்தனுக்காக பேச ஒரு கோவூர்கிழார் இருந்தார். கெய்ரோவுல ஸ்கார்பெக்குக்கு அப்படி யாரும் சீக்கிரம் வாய்க்கல.

1944 ஜூலைல ஒருவழியா பாராசூட்ல பிரான்ஸ்ல இறக்கினாங்க. அங்க காமர்ட்ஸ்ங்கிறவரோட ரகசியக் குழுல வேலை, அவரோட நெருக்கமும் ஆச்சுன்னு இவங்க வாழ்க்கைய எழுதினவங்க சொல்றாங்க. ஆகஸ்ட்ல டீன்ங்கிற ஊர்ல காமர்ட்ஸும் இன்னும் ரெண்டு பேரும் பிடிபட்டு சுட்டுக் கொல்லப்போற நேரம், இவங்க நேரா எதிரிக்கு வேலை பாக்கிற ஆளுங்ககிட்டயே போய் உக்காந்து, நான் பிரிட்டிஷ் ஏஜென்ட், ஜெனரல் மாண்ட்கோமரிக்கு சொந்தக்காரி, நேச நாட்டுப் படை தெற்கு கரைல இறங்கிடுச்சு, இவங்கள கொன்னா ஊரே சேர்ந்து உங்கள என்ன பண்ணும்னு யோசிச்சுக்கோங்கன்னு பேசிப் பேசி, 20 லட்சம் பிராங்க் பணமும் வரவழைச்சுக் குடுத்து மூணு பேரையும் வெளிய கொண்டு வந்துட்டாங்க. உகாஅமைதான் ஒற்றோட முதல் இலக்கணம், என்ன ஆனாலும் தன்ன வெளிப்படுத்தக் கூடாது. இவங்க வேணும்னே தன்ன வெளிப்படுத்தி ஜெயிச்சாங்க. காதலுக்காகவா கடமைக்காகவான்னு எழுதுறவங்க எந்தப் பக்கம் வேணா இழுக்கலாம், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

பேப்பர்காரங்க இந்த மாதிரி பொண்ணுங்கள எல்லாம் ஹனி ட்ராப்னு ஒரே மூட்டைல கட்டிடுறாங்க, தமிழ்ல மோகவலைன்னு வேற மொழிபெயர்க்கிறாங்க. அது ஒரு தந்திரத்தோட பேரு, ஆளோட பேரு இல்ல. டீன்ல நடந்தது மோகம் காட்டி ஜெயிச்சது கிடையாது, பயம் காட்டி ஜெயிச்சது.

நாடு இழந்ததுக்கும் சரியான சொல் வேணுமே. அகதின்னா கதி இல்லாதவர், வடமொழி வழி வந்தது, போக்கிடம் இல்லாத நிலைய சொல்லுது. ஏதிலின்னு நெறைய பேர் எழுதுறாங்க, நல்ல தமிழ்தான், ஆனா ஏதிலார்னா பழைய தமிழ்ல சம்பந்தம் இல்லாதவங்க, அயலார், "ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம்"னு குறள்ல வர்ற அதே ஆளு. அப்ப ஏதிலிங்கிறது வந்த ஊர்க்காரன் அவள எப்படி பாக்கிறான்னு சொல்ற சொல். புலம்பெயர்ந்தவள்னா கொஞ்சம் மென்மை, பட்டினப்பாலைல "புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்"னு யாபாரத்துக்கு வந்து சந்தோஷமா கலந்து வாழ்றவங்களத்தான் சொல்லுது, ஈழப் போருக்கு அப்புறம்தான் அந்த சொல்லுக்கு இன்னிக்கு இருக்கிற கனம் வந்துச்சு. ராஜா ஆணை போட்டு துரத்தினா மட்டும் நாடுகடத்தப்பட்டவள். ஸ்கார்பெக்க யாரும் நாடு கடத்தல, போர் முடிஞ்சப்ப போலந்து சோவியத் பிடிக்குள்ள போயிடுச்சு, பிரிட்டனுக்கு வேலை பாத்தவங்க அங்க திரும்பிப் போக முடியாது, அதனால இவங்களுக்கு அகதிதான் பொருந்தும்.

ஜார்ஜ் மெடல், பிரிட்டிஷ் பட்டமான ஓபிஇ, பிரான்ஸோட போர் விருதான குவா த கேர் எல்லாம் குடுத்தாங்க, பொழப்புக்கு வழி மட்டும் குடுக்கல. கடைசில கப்பல்ல பணிப்பெண் வேலை, அங்க போர்க்கால மெடல் ரிப்பன்கள குத்திக்கணும்னு ரூல் இருந்ததால இவங்க நெஞ்சுல இருந்த வரிசையப் பாத்து கூட வேலை செய்றவங்களுக்கே எரிச்சல். "சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க" ஊரறிய ஒற்றுக்கு சிறப்பு செய்யாதேன்னு 590ல வள்ளுவர் சொன்னது மறை, அதாவது ரகசியம், வெளிய போயிடும்ங்கிற காரணத்துக்கு, அந்தக் கப்பல்ல அது வேற விதமா பலிச்சிடுச்சு. அதே கப்பல்ல அறிமுகமான ஒருத்தன் காதல்னு பின்னாடியே சுத்தி, இவங்க மறுத்ததால 1952 ஜூன்ல லண்டன் ஓட்டல்ல கத்தியால குத்திக் கொன்னுட்டான்.

சரி, கதைல எத எங்க போடுறது? சங்க காலம், சோழர் காலம்னா ஒற்று, ஒற்றாள், ஒற்றர். ஒற்றாள் ஆண் பெண் ரெண்டுக்கும் பொருந்தும், வசனத்துலயும் நல்லா உக்காரும். கொண்டு வந்த சேதிக்கு வேய்னு ஒரு தடவ போட்டுப் பாருங்க, தெரியாதவங்களுக்கு அந்த எடத்துலயே புரியுற மாதிரி. ரெண்டாம் உலகப்போர் கதைன்னா உளவாளி, உளவுத்துறை தாராளமா போகலாம், ஏஜென்ட்னாலும் யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஸ்பைய மட்டும் அந்த சோழ தளபதிகிட்ட இருந்து வாங்கி வெச்சிடுங்க.