தீபாவளி வந்தா சிலருக்கு ஏன் தூக்கம் போகுது?

ஐப்பசி பொறந்தாலே கிளினிக்ல ஒரு மாதிரியான கேஸ் வர ஆரம்பிச்சிடும். வருஷம் பூரா ஓரளவு நல்லா இருந்தவர், இப்ப ராத்திரி தூங்கறதில்ல, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழறார், கதவு சாத்துற சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுதுன்னு வீட்டுக்காரங்க கூட்டிட்டு வருவாங்க. தீபாவளி பக்கத்துல வந்துடுச்சேன்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க, ஏதோ வேலை டென்ஷன்னு நெனச்சிருப்பாங்க.

பெரும்பாலும் இது பி.டி.எஸ்.டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறமும் மனசுல விடாம நிக்கிற பாதிப்பு. உயிர் போற மாதிரி ஒரு சம்பவத்துல மாட்டி தப்பிச்சவங்க எல்லாருக்கும் வராது, சிலருக்கு வரும். இலங்கைல ஷெல்லடிக்கு நடுவுல பங்கருக்குள்ள கெடந்துட்டு இங்க வந்து சேர்ந்தவங்க, பார்டர்ல டியூட்டி பாத்துட்டு ரிட்டையர் ஆனவங்க, பெரிய ஆக்ஸிடென்ட்ல பொழச்சவங்க, அப்புறம் சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலை வெடிச்சப்போ வெளிய ஓடிவந்து தப்பிச்சவங்க. நாடு முழுக்க வெடிக்கிற பட்டாசுல பெரும்பகுதிய செய்யுற ஊர்லயே அந்த சத்தம் தாங்காம ரூமுக்குள்ள உக்காந்திருக்கிற ஆளுங்க உண்டு, இத நாம யாரும் பேசுறதில்ல.

"வெறும் லட்சுமி வெடிக்கு போயி பயப்படறாரே டாக்டர்"னு சொல்வாங்க. அது லட்சுமி வெடின்னு அவருக்கும் நல்லாவே தெரியும்ங்க. ஆனா காதுல விழுந்த சத்தத்த மூளை யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அமிக்டலான்னு ஒரு பகுதி ஆபத்துன்னு மணி அடிச்சிடுது, நெஞ்சு படபடக்குது, கை வேர்க்குது, சிலருக்கு அந்த பழைய இடத்துலயே நிக்கிற மாதிரி ஆயிடும். சத்தம் மட்டும் இல்ல, வெடிமருந்து நெடியும் போதும்.

சத்தம் எவ்வளவு பெருசுங்கறத விட அது எப்ப வரும்னு தெரியாததுதான் ஆள அதிகமா ஒடைக்குது. 2018ல சுப்ரீம் கோர்ட் பட்டாசுக்கு ரெண்டு மணி நேரம்னு சொன்னதுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல காலைல 6 டு 7, சாயங்காலம் 7 டு 8னு வச்சாங்க. நம்ம ஊர்ல அத எத்தன பேர் மதிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆனா உண்மையிலேயே மதிச்சா அந்தந்த ஒரு மணி நேரத்த இவங்களால சமாளிக்க முடியும், கதவு ஜன்னல சாத்தி, ஃபேன ஃபுல்லா வச்சு, ஹெட்ஃபோன்ல பாட்டு போட்டுட்டு உக்காந்துக்கலாம். ராத்திரி 11 மணிக்கு மொட்டமாடில ஒரே ஒரு ஆட்டம் பாம் போடறான் பாருங்க, அதுதான் ஒரு வார தூக்கத்த கெடுக்குது. அதனால தெருவுல, ஃப்ளாட் வாட்ஸப் குரூப்ல வீட்டுக்காரங்க முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வைங்க, வியாதி பேரெல்லாம் சொல்ல வேண்டாம், வீட்ல உடம்பு முடியாதவர் இருக்கார், நேரத்துக்கு மட்டும் வெடிங்கன்னா போதும், பசங்க கேப்பாங்க.

பயத்த போக்கறேன்னு மாமா, சித்தப்பால்லாம் கையப் புடிச்சு இழுத்துட்டு போயி ஊதுவத்திய கைல குடுக்கறது வேண்டவே வேண்டாம். பயந்தத கொஞ்சம் கொஞ்சமா சந்திக்க வைக்கிற சிகிச்சை இருக்கு, உண்மைதான், ஆனா அத தெரபிஸ்ட் கூட வேற மாசத்துல நிதானமா பண்ணணும், தீபாவளி அன்னிக்கு வாசல்ல வச்சு இல்ல. ஆள் அப்படியே உறைஞ்சு போயிட்டார்னா பின்னாடி இருந்து தொடாதீங்க. எதிர்ல வந்து உக்காந்து பேர் சொல்லி கூப்பிட்டு, "அண்ணே, நம்ம வீட்ல தான் இருக்கோம், இன்னிக்கு தீபாவளி, வெளிய பசங்க பட்டாசு போடறாங்க"ன்னு மெதுவா சொல்லுங்க. கால தரைல நல்லா ஊனச் சொல்லுங்க, கைல சில்லுன்னு தண்ணி பாட்டில் குடுங்க. ஒரு குவார்ட்டர் போட்டா தூக்கம் வரும்னு அவரா டாஸ்மாக் போனார்னா தடுக்கப் பாருங்க, தூங்கினாலும் நடுராத்திரி முழிப்பு வந்து கனவு இன்னும் மோசமாத்தான் ஆகும்.

இதெல்லாமாவது வெளிய தெரியற பிரச்சன. தெரியாத ஒண்ணு இருக்கு. தல தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு போக மாட்டேன்னு அடம் பிடிக்கிற பொண்ணு, புருஷனுக்கு ஒண்ணும் புரியாது, எல்லாரும் சீர் வரிசை சண்டைன்னு நெனப்பாங்க. சின்ன வயசுல தப்பா நடந்துகிட்ட அந்த சொந்தக்காரர் அன்னிக்கு முதல் ஆளா வந்து ஹால்ல உக்காந்திருப்பார், அவர் கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கச் சொல்வாங்க. (ஆள் அடையாளம் தெரியாத மாதிரிதான் எழுதறேன், இந்த கதைய நான் பல வாயால கேட்டிருக்கேன்.) சொந்தம் விட்டுப் போயிடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்றதுல எனக்கு மறுப்பு இல்ல, ஆனா இந்த விஷயத்துல நான் அந்த பொண்ணு பக்கம் தான். போகாம இருக்கலாம். போய்த்தான் ஆகணும்னா சொந்த வண்டில போங்க, ராத்திரி தங்காதீங்க, புருஷனோட ஒரு சைகை பேசி வச்சுக்கோங்க, அத காட்டினா உடனே கெளம்பிடணும், ஏன்னு அங்க யாருக்கும் விளக்கம் சொல்ல தேவையில்ல. ஒரு கொழந்த யாரையாவது பார்த்து ஒளிஞ்சா கட்டிப்பிடிச்சு முத்தா குடுன்னு தள்ளாதீங்க, தனியா கூப்பிட்டு கேளுங்க, சந்தேகம் இருந்தா குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு ஃபோன் பண்ணுங்க.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல் பக்கம் இதே கஷ்டம் டிசம்பர்ல. 2004ல கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் காலைல சுனாமி வந்ததால, ஸ்டார் கட்டறத பாக்கும்போதே உடம்பு தேதிய கணக்கு போட ஆரம்பிச்சிடும். அங்க பண்டிகைய கொறச்சு கொண்டாடறவங்கள தொந்தரவு பண்ணாதீங்க.

கனவு, பதட்டம், பழைய சம்பவத்த நெனவுபடுத்தற இடத்த ஒதுக்கறது, யார்கிட்டயும் ஒட்டாம இருக்கறது, இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சா டாக்டர பாருங்க. மாவட்ட ஜி.எச்ல மனநல ஓ.பி இருக்கு. ட்ராமாவுக்குன்னே இருக்கிற சி.பி.டி (நெனப்பையும் பழக்கத்தையும் பேசி மாத்தற தெரபி), ஈ.எம்.டி.ஆர் (கண்ண அசைச்சுகிட்டே பழைய நினைவ கையாள வைக்கிற தெரபி) ரெண்டும் நல்லா வேலை செய்யுற சிகிச்சை, சிலருக்கு செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு, பதட்டத்துக்கான மாத்திரையும் சேர்த்து குடுப்போம். அரசோட மனநல ஹெல்ப்லைன் 14416க்கு எப்ப வேணா ஃபோன் பண்ணலாம், இலவசம், தமிழ்லயே பேசலாம், இலங்கைல இருக்கறவங்களுக்கு அங்கத்த மனநல ஹெல்ப்லைன் 1926. மெடிக்கல்ல தூக்க மாத்திரைய நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க. ஏற்கனவே மாத்திரை எடுக்கறவங்க தீபாவளி லீவுல கடை மூடறதுக்கு முன்னாடி பத்து நாளுக்கு வாங்கி வச்சுக்கோங்க, ஊருக்கு போற பையில மொதல்ல அத வைங்க, நடுவுல திடீர்னு நிறுத்தினா தலசுத்தல், எரிச்சல், தூக்கமின்மைன்னு அது வேற ஒரு தனி தொல்லை.