"கோரிக்கை உங்களிடம் வந்து சேர்ந்ததா?" என்று வங்கியைக் கேளுங்கள்

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறக்க வந்தபோது அந்த அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மலேசியாவில், சுங்கை சிப்புட் நகரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மருந்தகத்தில் உதவியாளர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கிரெடிட் கார்டும், மகளின் தேர்வுக் கட்டண விவரமும், பத்து ரிங்கிட் டாப் அப் சீட்டுகள் இரண்டும் இருந்தன.

"தம்பி, கார்டில் பணம் இருக்கிறது. ஆனால் போகமாட்டேன் என்கிறது" என்றார்.

மகள் பிரிட்டனில் உள்ள ஒரு தேர்வு அமைப்புக்கு 142 பவுண்டு கட்ட வேண்டும். முந்தைய நாளான திங்கட்கிழமை, லண்டன் நேரப்படி நள்ளிரவோடு கெடு முடிந்துவிட்டது. அன்று மாலை ஆறு மணியிலிருந்து மூன்று முறை முயன்றிருக்கிறார்கள். மூன்று முறையும் "பணம் செலுத்த இயலவில்லை" என்ற ஒரே வரிதான். வங்கியின் சேவை எண்ணை அழைத்தால் 1 அழுத்தினால் மலாய், 2 அழுத்தினால் ஆங்கிலம். தமிழ் கிடையாது. நாற்பது நிமிடக் காத்திருப்பில் முதல் டாப் அப் கரைந்தது. இரண்டாவதைப் போட்டு மறுபடி அழைத்தபோது கிடைத்த பதில்: "எங்கள் பக்கம் எந்தச் சிக்கலும் இல்லை. விற்பனையாளரைக் கேளுங்கள்." தேர்வு அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினால் "உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்று வந்தது.

கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கார்டுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கே கணக்கு அலுவலகம் வைத்தவன் நான். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ஏனென்றால், காரணம் பெரும்பாலும் வங்கியின் திரையிலேயே இருக்கிறது.

நீங்கள் கார்டு எண்ணைத் தட்டியதும் பணம் கேட்கும் கோரிக்கை விற்பனையாளரின் (இங்கே தேர்வு அமைப்பின்) வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பு வழியாக, கார்டு கொடுத்த உங்கள் வங்கிக்கு வந்து சேர்கிறது. ஏற்பதா மறுப்பதா என்பதை உங்கள் வங்கி ஓர் இரண்டிலக்கக் குறியீட்டோடு திருப்பி அனுப்புகிறது. 51 என்றால் தொகை போதவில்லை. 54 என்றால் கார்டு காலாவதி. 57 என்றால் அந்த வகைப் பரிவர்த்தனைக்கு அந்தக் கார்டில் அனுமதி இல்லை. 91 என்றால் உங்கள் வங்கியின் கணினியைத் தொடர்புகொள்ள முடியவில்லை; இதை வலையமைப்பே அனுப்பிவிடும். எல்லோரையும் அலைக்கழிப்பது 05தான். காரணம் எதுவும் சொல்லாத பொதுவான மறுப்பு அது. லண்டனில் இருக்கும் தேர்வு அமைப்பின் ஊழியருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. அவரிடம் போய்க் கேட்கச் சொல்வது பாவம்.

இதற்கு முந்தைய கட்டம் ஒன்றும் உண்டு. இணையத்தில் கட்டும்போது, கார்டுக்கு உரியவர்தானா என்று வங்கி சரிபார்க்கும். முன்பு குறுஞ்செய்தியில் ஓர் எண் வரும். குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்த பிறகு, பல வங்கிகள் செயலியில் ஒப்புதல் கேட்கின்றன. இந்தக் கட்டத்திலேயே தடைபட்டால் கோரிக்கை வங்கியின் அனுமதிப் பிரிவுக்கு வருவதே இல்லை. அந்தப் பிரிவின் திரையை மட்டும் பார்க்கும் ஊழியர் "எங்கள் பக்கம் சிக்கல் இல்லை" என்று சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை; பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்.

அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, என் மேசையிலிருந்து அழைத்தோம். அடையாளக் கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னார். பிறகு, நான் எழுதிக் கொடுத்ததை அவர் மலாயில் கேட்டார்: "நேற்று மாலை ஆறு மணிக்கு வந்த கோரிக்கை அனுமதிப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததா? வந்திருந்தால் என்ன குறியீடு? வரவில்லை என்றால் சரிபார்ப்பில் எங்கே நின்றது?"

இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் மருமகன் வாங்கிக் கொடுத்த புதிய கைத்தொலைபேசியில் செயலியைப் பதிந்திருக்கிறார்கள். புதிய கருவி என்றால் மோசடியைத் தடுக்க ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. அந்த வங்கியில் 12 மணி நேரம். அது முடியும்வரை ஒப்புதல் வேலை செய்யாது. விடியற்காலை நான்கு மணிக்கு அது திறந்துவிட்டது. லண்டனில் திங்கள் நள்ளிரவு என்பது கோடைக்காலத்தில் நமக்குச் செவ்வாய் காலை ஏழு மணி. "காலை நான்கு மணிக்குப் பிறகு முயன்று பாருங்கள்" என்று முந்தைய இரவே யாராவது சொல்லியிருந்தால் மூன்று மணி நேரம் கையில் இருந்திருக்கும்.

அக்கா எதுவும் பேசவில்லை. டாப் அப் சீட்டுகளை மடித்து மடித்து நகக்கண் அளவுக்கு ஆக்கிவிட்டார். தாமதக் கட்டணத்தோடு அங்கேயே, அதே கார்டில் கட்டினோம். ஒரே முயற்சியில் போய்விட்டது.

காத்திருப்பு நேரத்தை நான் குறை சொல்லமாட்டேன்; அதனால் பலருடைய சேமிப்பு தப்பியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. கார்டுக்கு ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரியை நாம் ஒழுங்காகக் கட்டுகிறோம். கேட்ட கேள்விக்கு நேரான பதில் எதிர்பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

வெளிநாட்டுக் கட்டணம் என்றால் ஒரு வாரம் முன்பே கார்டை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கிறதா, உச்சவரம்பு எவ்வளவு, வங்கியில் பதிந்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்குத் தபால் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். புதுப்பித்த கார்டு அங்கேயே கிடக்க, பழையதில் முயன்றவர்கள் உண்டு. ஒருமுறை மறுக்கப்பட்டால் அடுத்தடுத்து முயலாதீர்கள். அதையே சந்தேகமாக எடுத்துக்கொண்டு கார்டை முடக்கிவிடுவார்கள்.

அலைந்து களைத்தவர்களுக்கு இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படுவதை அழைத்துவிடுகிறார்கள். அது மோசடிக்காரனின் எண்ணாக இருக்கலாம். கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். "உதவுகிறேன்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருபவர் யாராக இருந்தாலும் ஒப்புதல் எண்ணைச் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே வங்கியையோ மோசடிப் புகார் எண்ணான 997ஐயோ அழையுங்கள்.

பேசி முடித்ததும் புகார் எண், நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். சேவை எண்ணில் பேசியது மட்டும் போதாது. வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 இருக்கிறது. வங்கியின் இறுதி முடிவால் பணம் இழந்ததாகக் கருதினால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் எப்.எம்.ஓ.எஸ் என்ற நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் ஆறு மாதத்துக்குள் போகலாம். பயனீட்டாளருக்கு அது இலவசம்.

அக்காவின் புகாரை மலாயில் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினோம். தாமதக் கட்டணம், டாப் அப் 20 ரிங்கிட், இரண்டு அழைப்புகளின் நேரம், கிடைத்த பதில் எல்லாம் அதில் இருக்கின்றன. பதினோராம் நாள் வந்த பதிலில் "எங்கள் கணினி சரியாக இயங்கியது" என்று இருந்தது. நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. இரண்டாவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது.